நடுச்சுவரில் அடைத்த கதவு

1

இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து பத்து வருடம் நிறைந்த அன்று காலையில், கதவிலுள்ள தபால் துவாரத்தால் ஒரு கடிதம் வந்து விழுந்தது. அனுப்பியவள் பக்கத்து வீட்டு மார்கரெட். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அவள் அந்தப் பக்கம் தும்மினால் எனக்கு இந்தப் பக்கம் கேட்கும். அப்படியிருந்தும் முத்திரை ஒட்டித் தபாலில் போட்டிருந்தாள்.

எழுபது வயது தாண்டிய மனுஷியை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். பத்து வருடமாக மனதுக்குள் 'அவள்' என்றே சொல்லிப் பழகிவிட்டதால் இப்போதைக்கு அப்படியே எழுதுகிறேன்.

கடிதத்தை மகள் சஹ்ராவிடம் கொடுத்தேன். பதினேழு வயது. இங்கேயே பிறந்தவள். அவளுடைய தமிழ், தண்ணீர் குறைந்த குழாய் மாதிரி விட்டு விட்டுத்தான் வரும்.

"நடுச்சுவர்ல அவங்கட பக்கத்துல ஒரு கட்டு ஈக்கு உம்மா. முன்னுக்குத் தள்ளிட்டு நிக்குமே, அது. அத உடைக்கப் போறாங்களாம். சுவர் ரெண்டு பேருக்கும் சொந்தமாம். அதனால உங்கள்ட்டக் கேக்கணுமாம்."

கடிதத்தோடு ஒரு படிவம். மூன்று பெட்டிகள். சம்மதம் என்றால் முதலாவதில் குறி போட வேண்டும். சம்மதமில்லை, இருவருக்கும் பொதுவாக ஒரு கட்டடப் பரிசோதகர் வரட்டும் என்றால் இரண்டாவது. எனக்கென்று தனியாக ஒருவர் வரட்டும் என்றால் மூன்றாவது. பதினாலு நாளைக்குள் பதில் சொல்லாவிட்டால் அதைப் பிணக்கு என்று சட்டம் எடுத்துக்கொள்ளுமாம். வாயே திறக்காமல் சண்டை பிடிக்கலாம் என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிற நாடு இது.

"சம்மதமில்ல எண்டு போடு" என்றேன்.

"ஏன் உம்மா?"

"காரணம் கேக்காத. போடு."

காரணம் என்னிடம் இருந்தது. பத்து வருடமாக இருந்தது.

2

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விக்டோரியா ராணி காலத்து வீடு. தெருவில் நின்று பார்த்தால் ஒரே மாளிகை. சிவப்புச் செங்கல், இடையிடையே மஞ்சள் செங்கல் வரி. இடமும் வலமும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கிற மூன்று முக யன்னல்கள். கூரையின் உச்சியில், நட்ட நடுவில், ஒரு பெரிய புகைக்கூண்டு. கிட்டப் போனால்தான் வாசல் கதவு இரண்டு என்று தெரியும். மாளிகை கட்ட வசதியில்லாத இரண்டு குடும்பங்களை முதுகோடு முதுகாக ஒட்டவைத்து, தெருவுக்கு மட்டும் மாளிகை காட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து நடுத்தர ஆட்களின் பவுசு அது.

உள்ளே எல்லாம் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருக்கும். எங்கள் மாடிப்படி இடது பக்கம், அவளுடையது வலது பக்கம். எங்கள் குசினிக்கு அடுத்தது அவள் குசினி. நடைபாதையில் கறுப்பும் சிவப்புமாகத் தரை ஓடுகள் பதித்திருக்கிறார்கள். கதவில் வர்ணக் கண்ணாடி. வெயில் வந்தால், வருகிற அன்றைக்கு, தரையில் பச்சையும் மஞ்சளும் விழும். விருந்தாளிகள் வந்து உட்காரும் முன் அறையின் முகட்டில் சாந்தால் செய்த பெரிய பூ ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து வேலைக்காரி நின்ற குசினிக்குப் பூ கிடையாது. அவள் படுத்த கூரையடி அறைக்கு நிமிர்ந்து நிற்கிற உயரமே கிடையாது. குவைத்துக்கும் சவூதிக்கும் போய்வந்த எங்கள் ஊர்ப் பெண்கள் தாங்கள் படுத்த அறையைப் பற்றிச் சொல்வார்களே, அதே அறைதான். முதல் நாள் அதற்குள் தலையைக் குனிந்து நின்றபோது, இந்த வீட்டைக் கட்டியவன் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

வந்த புதிதில் வரி விஷயமாக நகரசபைக்குப் போனேன். "எனக்குப் பாதி வீடு, மற்றப் பாதி அவளுக்கு" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். அங்கிருந்த பெண் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். விவாகரத்து ஆன பெண்களுக்கு உதவி செய்கிற இடத்தின் விலாசத்தையும் எழுதித் தந்தாள். இவர், என் கணவர், வாசலில் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

3

ஊரில், பள்ளிவாசல்துறையில், எங்கள் வாப்பா கட்டியதும் இதே மாதிரி வீடுதான். விக்டோரியா ராணியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வள்ளமும் இரண்டு பெண் பிள்ளைகளும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். இரண்டு வீடு கட்டக் காணி போதாது. ஆகவே ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடு. ராத்தாவுக்கு ஒரு பாதி, எனக்கு ஒரு பாதி, நடுவில் சுவர்.

அந்தச் சுவரில் ஒரு கதவு வைத்தார். பெண்கள் தெருவில் இறங்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருவதற்கு. கறிச்சட்டி போகும், பிள்ளை போகும், கோபித்துக்கொண்டு போன ஆளும் அதே கதவால்தான் திரும்பி வரும். தச்சன் நாதாங்கி போட வந்தபோது வாப்பா தடுத்துவிட்டார்.

"ராத்தாக்கும் தங்கச்சிக்கும் நடுவுல எதுக்கு நாதாங்கி?"

வாப்பா மவுத்தானபோது உம்மா என் பாதியில் இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியில் இறங்காமல் இருக்கிற கடமை அது. அந்த நாட்களில் உம்மாவுக்கு இருந்த ஒரே ஆறுதல் நடுக்கதவு. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு அந்தக் கதவால் ராத்தாவின் பக்கம் போவார். அங்கே ராத்தாவின் கைக்குழந்தை தொட்டிலில் கிடக்கும். பொழுது சாய்ந்து மஃரிப் ஆகும் வரைக்கும் ஆட்டிவிட்டு வருவார்.

இவர் அதற்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டார். நான் விசாவுக்குக் காத்திருந்தேன். ராத்தாவின் மாப்பிள்ளை, அதாவது மச்சான், பாலாவியில் உப்பு ஏற்றுகிற லொறி வைத்திருந்தார். நான் போன பிறகு என் பாதியை உப்பு மூட்டை அடுக்கத் தரும்படி கேட்டார். உம்மா இருக்கிற வீடு, தர மாட்டேன் என்றேன். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த நாள் லொறியில் சீமெந்துக் கல் வந்து இறங்கியது. மேசனைக்கூடக் கூப்பிடவில்லை. கதவைக் கழற்றி எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, மச்சான் தன் கையாலேயே கல்லை அடுக்கினார்.

நானும் உம்மாவும் இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். கல் வரிசை ஏற ஏற அந்தப் பக்கம் நின்ற ராத்தாவின் கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது, கடைசியில் முகம் மறைந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பக்கம் குழந்தை அழத் தொடங்கியது. உம்மா ஈரச் சாந்தில் காதை வைத்துக் கேட்டார்.

"புள்ள அழுது" என்றார். அதை மட்டும்தான் சொன்னார்.

இத்தாவில் இருக்கிற பெண்ணுக்குத் தெரு இல்லை என்பது மச்சானுக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டினார். இத்தா முடிந்த அன்று ராத்தா தெருவால் சுற்றி வந்து உம்மாவின் கையைப் பிடித்துக் கூப்பிட்டாள். உம்மா எழும்பவில்லை. "மகள்ட வீட்டுக்குத் தெருவால சுத்திப் போக நான் என்ன யாசகம் கேக்க வந்தவளா?" என்று கேட்டார். நான் இங்கே வந்து இரண்டாவது குளிர்காலத்தில் உம்மா மவுத்தானார். அதுவரை ராத்தாவின் பாதிக்குள் அவர் கால் வைக்கவே இல்லை. ராத்தாதான் தெருவால் சோறு கொண்டுவந்து கொடுத்தாள். எனது கடவுச்சீட்டு இங்கே ஏதோ ஓர் அலுவலகத்தின் அடுக்கில் கிடந்தது. என்னால் மையித்து அடக்கத்துக்குப் போக முடியவில்லை.

இருபத்திரண்டு வருடமாக என் பாதி பூட்டிக் கிடக்கிறது. சாவி ஒன்று என்னிடம், ஒன்று ராத்தாவிடம். இப்போது மச்சானுக்கு அந்தப் பாதியும் வேண்டும். பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் கற்பிட்டிப் பக்கம் நிறைய வருகிறார்களாம். வீடு முழுவதையும் இடித்து அவர்கள் தங்க மாடி அறைகள் கட்டப் போகிறாராம். காணி உறுதியில் என் பெயரும் இருப்பதால் என் கையெழுத்து இல்லாமல் ஒரு கூரை ஓட்டைக்கூடக் கழற்ற முடியாது. ஆறு மாதமாக ராத்தாவை விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. வெறுமனே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனால் என் மனம் ஆறாது. உம்மாவுக்குச் செய்ததற்கு அவர் முதுகு வளைய வேண்டும். எப்படி வளைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

4

இனி என் காரணத்தைச் சொல்கிறேன். இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்றே முன் அறையின் நடுச்சுவரில் அந்த அடையாளத்தைக் கண்டேன். கதவு அகலம். தரையிலிருந்து மேல்நோக்கி, மற்ற இடத்தைவிடப் புதிய சாந்து. தட்டிப் பார்த்தேன். உள்ளே பொள்ளல் சத்தம். எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. இரண்டு சகோதரிகளுக்காகக் கட்டிய வீடு, நடுவில் கதவு, அந்தப் பக்கத்து ஆட்கள் அதை அடைத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவள் மார்கரெட்.

அன்றே அவளை வெறுத்தேன். மச்சான் எட்டாத தூரத்தில் இருந்தார். இவள் கை எட்டுகிற தூரத்தில் இருந்தாள்.

நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்கு இரும்பு உரலை அந்தச் சுவரோடு ஒட்டி வைத்து இடித்தேன். மிளகாய் இருந்தால் மிளகாய், இல்லாவிட்டால் வெறும் உரல். அவள் துணி காயப்போடுகிற நாளாகப் பார்த்து, யன்னலைத் திறந்துவிட்டுக் கட்டாக் கருவாடு பொரித்தேன். அவளுக்கு வந்த பொதியை நான் வாங்கி வைத்தால் மூன்று நாள் கழித்துத்தான் கொடுப்பேன். அவள் வீட்டுக் கூரைப் பீலி பின்பக்கமாக ஒழுகிச் சுவர் ஊறுவதை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு சொல் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே இனித்தது.

சஹ்ரா மட்டும் எனக்கு ஒத்துழைக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் அந்த வீட்டுக்குள் நுழைந்துவிடுவாள். பேரைச் சொல்லி 'மார்கரெட்' என்றே கூப்பிடுவாள், தன்னோடு படித்தவளைக் கூப்பிடுவது மாதிரி. ஊரிலிருந்து ராத்தா கதைத்தால் "சுகமா பெரியம்மா" என்று கேட்டுவிட்டு போனை என் கையில் தந்துவிட்டு ஓடுவாள். அந்தப் பக்கம் ஒரு மணித்தியாலம் இருந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பு சுவரால் எனக்குக் கேட்கும். நான் உரலை எடுப்பேன்.

5

படிவம் போய், கட்டடப் பரிசோதகர் வந்தார். மெலிந்த மனிதர், கையில் டோர்ச். முன் அறைக்கு வந்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்கள் பக்கத்துக் கணப்படுப்பு எங்கே?" என்று கேட்டார். மாடிக்கு ஏறினார். அங்கே படுக்கையறையில் சின்ன இரும்புக் கணப்பு ஒன்று இருக்கிறது, நாங்கள் அதன் மேல் குர்ஆனும் கடிகாரமும் வைத்திருக்கிறோம். கூரைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். இறங்கி வந்தபோது அவர் முகம் சரியில்லை. கடதாசியில் படம் கீறிக் காட்டினார். சஹ்ரா சொன்னாள்.

"உம்மா, இந்த மாதிரி வீட்டுல நடுச்சுவர்ல ரெண்டு பக்கமும் நெருப்பு மூட்டுற கட்டு ஈக்குமாம். முதுகும் முதுகுமா. அதுக்குள்ளால புகை மேல போகும். நம்மட பக்கத்துக் கீழ்க்கட்ட முந்தி ஈந்த ஆக்கள் உடைச்சி எடுத்துட்டாங்களாம். மேல உள்ள கல்லெல்லாம் சும்மா தொங்குதாம்."

"அப்ப ஏன் விழல்ல?"

"மார்கரெட்ட பக்கம்தான் பிடிச்சிட்டு நிக்குதாம்."

நான் சுவரைக் காட்டினேன். "அப்ப இது கதவில்லையா?"

"கதவா? எந்தக் கதவு உம்மா?"

அவளை விட்டே பரிசோதகரிடம் கேட்க வைத்தேன். அவர் முதலில் விளங்காமல் நின்றார். பிறகு, இந்த மாதிரி வீடுகளின் நடுச்சுவரில் கதவு வைத்ததைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். கதவு வைத்தால் அது இரண்டு வீடாக இருக்காதே என்றார். இந்த அடையாளம், கட்டை உடைத்து எடுத்த இடத்தில் பூசிய சாந்துதானாம்.

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். பத்து வருடம் பழிவாங்கியிருக்கிறேன், ஆள் பிழை.

அவர் போகும்போது இன்னொன்று கேட்டேன். "இந்தச் சட்டம், அடுத்த ஆளைக் கேட்காமல் நடுச்சுவரைத் தொடக் கூடாது என்கிற சட்டம், உண்மையில் இருக்கிறதா?" இருக்கிறது என்றார். கடிதம் கொடுக்க வேண்டும், பதினாலு நாள் பொறுக்க வேண்டும், அதுவரை ஒரு செங்கலையும் அசைக்கக் கூடாது என்றார். முன்பின் தெரியாத ஒரு கிழவியிடமிருந்து எனக்கு முத்திரை ஒட்டிய கடிதம் வருகிறது. உம்மாவிடம் யாரும் ஒரு வாய்ச்சொல் கேட்கவில்லை. அன்று முழுவதும் எனக்குச் சமையல் ஓடவில்லை.

6

மார்கரெட் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாள். பத்து வருடத்தில் முதல் தடவை உள்ளே போனேன். என் வீடேதான், திரும்பியிருந்தது. முன் அறையில் அந்தக் கட்டு நின்றது, பெட்டகம் மாதிரிக் கனமாக. அறையைப் பெரிதாக்கத்தான் அதை உடைக்க நினைத்தாளாம். இனி உடைக்கப் போவதில்லையாம்.

"உன் தலைக்கு மேலே கல் தொங்கும்போது நான் எப்படி உடைப்பேன்?" என்று கேட்டாள். பிறகு சுவரைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள். சஹ்ராவும் சிரித்தாள்.

"என்னவாம்?"

"நீங்க ஆறு மணிக்கு இடிக்கிறீங்களே, அந்தச் சத்தம் கேட்டாத்தான் தேத்தண்ணிக்குக் கேத்தல வப்பாங்களாம். கணவன் மவுத்தானதுக்குப் பிறகு வீட்டுல ஒரு சத்தமும் இல்லையாம். நீங்க ஊருக்குப் போன மாசம் நேரமே தெரியாமப் போச்சாம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்து வருடம் கை வலிக்க இடித்திருக்கிறேன். அவருக்கு அது மணிக்கூடு.

பீலி ஒழுகுவதை மட்டும் அன்று சொன்னேன். இரண்டு வருடமாகத் தெரியும் என்பதைச் சொல்லவில்லை. இனி 'அவர்' என்று எழுதலாம்.

வீட்டுக்கு வந்து ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். இந்தத் தடவை ஆள் பிழையில்லை.

7

"மச்சான்ட்டக் குடுங்க ராத்தா."

கதவை அடைத்த நாளுக்குப் பிறகு அவரோடு நான் கதைத்தது அன்றுதான். குரல் கிழடாகிவிட்டது. "சொல்லு தங்கச்சி" என்றார், பாலில் சீனி போட்ட மாதிரி.

"நடுக்கதவத் திறங்க மச்சான். மேசன் கூடாது. நீங்க அடுக்கின கல்ல நீங்களே எடுக்கணும். நான் வீடியோவுல பாக்கணும். பொறகு கதைப்பம்."

அவருக்குப் பிரஷர் இருக்கிறது, முதுகு நோவு இருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எப்படியும் வீட்டையே இடிக்கப் போகிறோம், இதை மட்டும் தனியாக எதற்கு என்றும் கேட்டார்.  கடைசியில் கல் கிளப்புகிற அலவாங்கை எடுத்தார்.

ராத்தா போனைப் பிடித்திருந்தாள். இங்கே காலை, அங்கே மதியத்து வெயில். முதல் கல் அசைய அரை மணித்தியாலம் ஆனது. மனிதர் கல்லை நன்றாகத்தான் வைத்திருந்தார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, நிமிர்ந்து, இருமி, திரும்பக் குனிந்தார். முதுகு வளைந்தது. ஒவ்வொரு கல்லாகப் பார்த்தேன். பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டே பார்த்தேன். கல் வரிசை இறங்க இறங்க, உம்மாவின் அறையின் முகடு தெரிந்தது, யன்னல் தெரிந்தது, சுவரில் சாய்த்து வைத்திருந்த பழைய கதவு தெரிந்தது.

கடைசி வரிசை போனதும் ராத்தா போனை மச்சானின் கையில் கொடுத்துவிட்டு அந்தத் துவாரத்தால் உள்ளே போனாள். உம்மாவின் பாய் கிடந்த இடத்தில், தூசிக்குள், அப்படியே உட்கார்ந்தாள்.

"நான் அண்டைக்கு வாயத் தொறந்திருக்கணும்" என்றாள். என்னிடம் சொன்னாளா உம்மாவிடம் சொன்னாளா தெரியாது. நான் அழுதேன். அழுதாலும் மனம் இளகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மச்சானின் முகம் போனில் வந்தது. தலை, மீசை எல்லாம் சீமெந்துத் தூள்.

"இப்பத் திருப்திதானே? கையெழுத்து எப்ப?"

"எனக்கு ஒரு கடிதம் அனுப்புங்க மச்சான். முத்திரை ஒட்டி. கிடைச்ச நாள்ல இருந்து எனக்குப் பதினாலு நாள் ஈக்கு."

"பதினாலு நாளா? எந்தச் சட்டத்துல?"

"நடுச்சுவர்ட சட்டத்துல."

கடிதம் வந்தது. பதிவுத் தபால், சட்டத்தரணியின் முத்திரையோடு. பதினாலாவது நாள் முடிந்து இன்று ஒரு கிழமை. நான் பதில் எழுதவில்லை, எழுதப் போவதும் இல்லை. பிணக்கு என்று எடுத்துக்கொள்ளட்டும்.

ஆத்திரத்தில் அவர் திரும்பவும் கல் இறக்கினாராம். ராத்தா கதவு நிலைக்கு நடுவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாளாம். தச்சனைக் கூப்பிட்டுப் பழைய கதவைத் திரும்பப் பொருத்தியிருக்கிறாள். தன் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு உம்மாவின் அறைக்கே வந்துவிட்டாள். வாப்பா வேண்டாம் என்ற நாதாங்கியையும் இந்தத் தடவை போட்டிருக்கிறாள், என் பாதியின் பக்கமாக. நேற்றுக் கதைத்தபோது பின்னால் யாரோ கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"யாரு ராத்தா?"

"மச்சான்தான். தேத்தண்ணி கேக்கிறாரு. என்னா சொல்ல?"

"தெருவால சுத்தி வரச் சொல்லுங்க" என்றேன்.